காதில் விழுவதும் காது கொடுப்பதும்

அப்பா உள்ளே நுழைந்ததும் வாடிய தேயிலையின் புளித்த வாசனை வீடு முழுக்கப் பரவும். ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்ட பிறகும் விடியும்வரை அது போகாது. மஞ்சூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை 'பேக்டரி'யில், இலையை நசுக்கி உருட்டும் இயந்திரத்தருகே நின்று பார்க்கும் வேலை அவருக்கு. அதன் இரைச்சல் எங்கள் குடியிருப்பு வரைக்கும் வரும்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்த அந்த மழைக்காலத்தில் அம்மா அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமன்தான் காரணம். கோயமுத்தூரிலிருந்து வரும் தன் தம்பியை, பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் அழைத்து வரும்படி அம்மா ஒருநாள் காலையிலேயே சொல்லியிருந்தாள்; அப்பா போகவில்லை. குடையில்லாத மாமன் கொட்டும் மழையில் மேடேறி, நடுங்கிக்கொண்டே வந்து சேர்ந்தார். "எம்பொறந்தவன்னா இவருக்கு எளக்காரம்" என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். "உங்கப்பா சொன்னா எதையுமே கேக்கறதில்ல" என்று என்னிடம் புலம்புவாள். அப்பா மறுத்து ஒரு வார்த்தையும் பேசாமல் சும்மா சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவளை இன்னும் கிளறிவிடும்.

அப்படியிருந்த நாட்களில்தான் ஆங்கில ஆசிரியை 'ஹியர்', 'லிசன்' என்ற இரண்டு வினைச்சொற்களைக் கொடுத்து, எந்த வாக்கியத்தில் எது வரும் என்று எழுதிவரச் சொன்னார். இரண்டுக்கும் 'கேள்' என்றே பொருள் எழுதி வைத்திருந்த நான், அவர் சொன்ன விளக்கத்தை மறந்துவிடாமல் இருப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். எங்களுக்குப் பின்னால் அடுப்படியில் அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அதென்ன அம்மிணி, ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் அப்பா.

"இல்லப்பா. ஹியர்னா சத்தம் தானா காதுல விழறது. லிசன்னா நாமளா காது குடுத்துக் கேக்கறது."

அப்பா என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படின்னா உங்கம்மா எம்மேல தப்பான வார்த்தையச் சொல்றா கண்ணு. நான் காது குடுத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். விழத்தான் மாட்டேங்குது."

களி கிண்டும் சத்தம் நின்றது.

"ஏனுங்க, என்ன சொன்னீங்க?" என்றாள் அம்மா. அப்பா திரும்பவில்லை. "ஏனுங்க!" என்றாள் மறுபடியும். அவர் என் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அவள் சுற்றி வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள். "இது எப்ப இருந்துங்க?"

"ஒரு வருசத்துக்கு மேல இருக்கும். தெரிஞ்சா மிசின்ல நிக்க விடமாட்டாங்கன்னு பயந்துட்டேன்."

"எங்கிட்டச் சொன்னா என்னங்க?"

"நீ பாவப்பட்டுப் பாக்கறதுக்கு, கோவிச்சுக்கறதே மேலுன்னு இருந்துட்டேன்."

அம்மா அவருடைய இரண்டு காதுகளையும் தன் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு அழுதாள். களி அடிப்பிடித்துப் போயிற்று. அதைத்தான் மூவரும் சாப்பிட்டோம்.

அந்த வாரமே அவரை ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். போன செவி திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். அம்மாவே பேக்டரிக்கு நேரில் போய்ப் பேசி, இலை எடை போடும் கொட்டகைக்கு அவரை மாற்ற வைத்தாள். விஷயம் தெரிந்த மாமன் மலையேறி வந்து, "மாமா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமுங்களே" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். காதுக்கருவியும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அவரும் அம்மாவும் இப்போது கோயமுத்தூரில் என்னோடு இருக்கிறார்கள். அப்பாவுக்காக உரக்கப் பேசிப் பேசி, அம்மா இன்று எல்லோரிடமும் உரக்கத்தான் பேசுகிறாள். சண்டையோ என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்ததுகூட உண்டு. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் உட்கார்ந்து, காதோரம் குனிந்து, சன்னமான ஒரு குரலில் பேசிக்கொண்டே இருப்பாள். அந்தக் குரல் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். அது எப்படி இருந்தது என்பதுதான், எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வருவதில்லை.