பச்சை சர்பத் பாட்டில்

என் மகன் படுக்கும் அறையின் ஜன்னல் முழுதாக மூடாது. சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே ஒரு பச்சை சர்பத் பாட்டிலை நிறுத்திக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன். மழை வந்தால் சாரல் உள்ளே அடிக்கிறது. அவன் முனகுகிறான். வளர்ந்த பிள்ளை, கையை நீட்டி எடுத்துப் போட்டுவிடலாம். ஆனால் அந்தப் பாட்டில் விஷயத்தில் அம்மாவிடம் விளையாடக் கூடாது என்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

அது எதிர்வீட்டு அக்காவின் பாட்டில். எழுபதுகளின் தொடக்கத்தில் கள்ளிக்குப்பத்தில், வாய்க்கால் ஓரமாக ஒரு வரிசைக் குடிசைகளில் நாங்கள் இருந்தோம். கெரசினுக்கு ரேஷன் கடையில் கால் கடுக்க நின்றாலும் பாதி நாள் இல்லை என்பார்கள். விறகு விலைக்கு வாங்க முடியாது. ஈரச் சுள்ளியை ஊதி ஊதி எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் கண் சிவந்தே இருக்கும். அக்கா எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டையில், மரப்பெட்டி செய்யும் கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிறவள். அங்கே மரத்தூளைப் பள்ளத்தில் கொட்டிச் சும்மா எரித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் கேட்டு ஒரு சாக்கில் கட்டி எடுத்து வந்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

"இன்னாக்கா, மாட்டுக்குத் தவுடா?"

"மாட்டுக்கு இல்ல, உன் மாமியாளுக்கு," என்றாள்.

பழைய எண்ணெய் டின்னின் அடியில் ஒரு ஓட்டை போட்டாள். நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டி, உலக்கை நுனியால் இறுக இடித்தாள். பிறகு பாட்டிலை மெதுவாகத் திருகி உருவினாள். உள்ளே ஒரு குழாய்போல வழி விழுந்திருந்தது. கீழே நெருப்பு வைத்ததும் கொஞ்ச நேரம் புகைந்தது. அப்புறம் புகையே இல்லாமல், சிவப்பாக, நிதானமாக எரிந்தது. ஒரு வீட்டுச் சோறு வெந்து இறங்கியும் சூடு மிச்சம் இருந்தது. அதனால் பக்கத்து வீட்டுக் குழம்பு ஏறியது, அதற்கடுத்து எங்கள் வீட்டுக் கஞ்சி. அப்படித்தான் அது தெருவுக்குப் பொதுவான அடுப்பாயிற்று. சாக்கு எடுத்துவர முறை வைத்துக்கொண்டார்கள். சாம்பலில் பாத்திரம் தேய்த்து, மிச்சத்தைப் பூசணிக் கொடிக்குப் போட்டார்கள். "நம்மூட்டு சோத்துல தேக்கு வாசன அடிக்குது, நாமளும் பணக்காரங்கதான்" என்று என் அப்பா சொல்ல, தெருவே கொஞ்ச நாள் அதைச் சொல்லித் திரிந்தது. அந்தத் தெருவில் நான் கண்ட நல்ல காலம் அதுதான். அது அடுத்த மழைக்காலம் வரை இருந்தது.

அந்த வருஷம் ஏரி நிரம்பி வாய்க்கால் பொங்கிற்று. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அக்காவின் குடிசை மட்டும் மேட்டில் இருந்தது. மத்தியானமே இருட்டிப்போயிருந்தது. பெரியவர்கள் எல்லோரும் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு, மண் வெட்டிக் கரை போட ஓடினார்கள். அம்மா இடுப்பில் தம்பியோடு நின்றாள். அவனுக்கு நெஞ்சுச் சளி, உதடு நீலம் பூத்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா, கொயந்தைய நனைய வுட்டுகினு கீற? குடு இங்க," என்று அக்கா அவனை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

வெளியே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஈரத்தில் முதலில் புகைந்தது. புகை அடங்கும்வரை அவள் காத்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "பொக நின்னுபோச்சி. இனிமே ஒண்ணும் பண்ணாது," என்று சொல்லித்தான் அதை உள்ளே தூக்கி வந்தாள். புகைதான் கெடுதல் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். புகை இல்லாத நெருப்பைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது.

பிறகு இடம் பிரித்தாள். அடைக்கலம் வந்த சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல இடம் தர வேண்டும் அல்லவா? தம்பியை அடுப்புக்கு மிக அருகில், தன் சேலையை மடித்துப் போட்டுப் படுக்க வைத்தாள். தன் மகளையும், பெரியவள் என்று என்னையும், கூரை ஒழுகும் மூலைக்குத் தள்ளினாள். வாசலைத் தார்ப்பாயால் இறுக மூடிவிட்டு அம்மாவோடு கரைக்குப் போனாள். அவள் மகள் சிணுங்கினாள். எனக்கும் கோபம்தான். ஓலை பிய்ந்த இடத்திலிருந்து காற்றும் தண்ணீரும் எங்கள் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரத்தில் தலை வலித்தது. எழுந்திருக்க நினைத்தேன், கால் வரவில்லை. அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது வெளியே சேற்றில் கிடந்தேன்; கரையிலிருந்து திரும்பியவர்கள் எங்களைத் தூக்கி வந்து போட்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி அம்மா மடியில் இருந்தான். அவன் கன்னம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததேயில்லை. "ஒடம்புல சூடு ஏறிகிச்சி, தேறிட்டான்" என்று அம்மா சொல்லிக்கொண்டே அவன் காலைத் தேய்த்தாள். ரொம்ப நேரம் தேய்த்தாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மூடிய இடத்தில் கங்கிலிருந்து கிளம்பும், மணமும் நிறமும் இல்லாத விஷவாயு முகத்தை அப்படிச் சிவக்க வைக்கும் என்பதைப் பல வருஷம் கழித்துக் கல்லூரி வகுப்பில் படித்தேன். அன்று பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

தம்பி போன அன்று மாலையே தெருவில் பேச்சு கிளம்பிற்று. "தன் பொண்ண மட்டும் ஓரமா போட்டுகினா பாத்தியா? உஷாரு." அக்காவின் காதில் விழும்படியே சொன்னார்கள். நல்ல இடத்தைக் கொடுத்தேன் என்று அவள் எப்படிச் சொல்ல முடியும்?

மறுநாளும் மழை விடவில்லை. தம்பியை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தோம். எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பிள்ளைகள் பசியில் அழுவது வரிசை முழுக்கக் கேட்டது. அக்கா அந்தப் பாட்டிலோடு வந்து அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"யக்கா, நீ ஒரு வார்த்த சொல்லு. ஒடச்சிட்றேன்."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. அழுகைச் சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒடச்சிட்டு? அதுங்களுக்கு எதுல ஆக்கறது? குடு இங்க."

மழைக்கு ஒரு தகரத்தைச் சாய்த்து, அதன் கீழே, திறந்த வெளியில், என் அம்மா தூளை இடித்தாள். ஒவ்வொரு இடிக்கும் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்த அடுப்பில் வெந்த கஞ்சியை நான் குடித்தேன். பசித்தது, குடித்தேன். அதன்பின் தெருவுக்கு அடுப்பை நிரப்பியது அம்மாதான். அக்கா அதைத் தொடவேயில்லை. தை பிறந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு நெமிலிச்சேரிப் பக்கம் போய்விட்டாள். போகும்போது அம்மாவிடம் சொல்லிக்கொள்ள வாசல்வரை வந்து, உள்ளே வராமலே திரும்பிவிட்டாள்.

இன்று மாலையும் நல்ல மழை. பாட்டில் சட்டத்தில் இடித்து இடித்து ஒலிக்கிறது. அக்கா எங்களைத் தள்ளிவிட்ட அந்த ஒழுகும் மூலையின் ஈரம் என் முகத்தில் இன்னும் காயவில்லை.

"அம்மா, போர்வையெல்லாம் நனையுது. இன்னிக்காவது மூடேன்," என்றான் மகன்.

"நனையட்டும்," என்றேன்.

அவன் எழுந்து கைகால் கழுவப் போனதும், கட்டிலை ஜன்னலை ஒட்டி இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டேன்.