பின்னால் வந்தவர்கள்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது காற்றுவாக்கில் வந்த கதை இல்லை. நடந்தது எங்கள் தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு. வாங்கிய கடனைக்கூட மிகைப்படுத்திச் சொல்லத் தெரியாத மனிதர் அவர்.

வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் இல்லை. ஏன் இல்லை என்று தெருவே நாலு விதமாகப் பேசியாயிற்று, அது இங்கே வேண்டாம். பகலெல்லாம் அடுத்தவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவரை வீட்டுக்கு வந்தால் பார்க்க ஒரு கண் கிடையாது. வாரம் ஒரு முறை அக்கா போன் செய்வாள்.

"டேய், காட்டுல போய் விழுந்து வச்சா யாருடா தூக்குறது?"

"விழ மாட்டேன்க்கா."

"குரங்கு பெடல் போட்டப்பவே விழுந்தவன்தான நீ?"

அவருக்கு இருந்த ஒரே கூட்டு அந்த சைக்கிள் குழு. அகலமான டயர் போட்ட வண்டியில் சரளைக்கல் பாதைகளாகத் தேடித் தேடிப் போவார்கள். ஏரிக்கரை, காட்டுப்பாதை, இப்படி. தார்ச்சாலை இவர்களுக்கு ஆகாது. நல்ல ரோட்டை விட்டுவிட்டுக் கல்லில் போய் இடுப்பை உடைத்துக்கொள்வதில் என்ன சுகமோ, போகிறவர்களுக்குத்தான் தெரியும்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் பள்ளத்தைப் பார்த்தால் "குழி!" என்று கத்துவார். அடுத்தவர் அதையே திருப்பிக் கத்துவார். அப்படியே வரிசையாகப் பின்னால் போகும். ஆகக் கடைசியில் வருகிறவர் "கடைசி!" என்று குரல் கொடுப்பார். சேதி வந்து சேர்ந்தது, எனக்குப் பின்னால் ஆள் இல்லை என்று அர்த்தம்.

நாலு வருஷமாக அந்தக் கடைசி ஆள் நம் கண்ணாடிக் கடைக்காரர்தான். பட்டப்பெயரே 'கடைசி'. ஒரு தடவையாவது முன்னால் போக வேண்டும், தனக்குப் பின்னால் நாலு பேர் வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. ஒருவழியாகக் குழுச் செயலாளர் பல் டாக்டர் இறங்கி வந்தார்.

"சரி சார், ஞாயித்துக்கிழமை நீங்கதான் முன்னாடி. நாப்பது பேர் வர்றோம். அதுக்குள்ள பாதையை ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க."

வியாழக்கிழமை கடைக்கு விடுமுறை. மாலை 4:10க்குக் காட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனார். தனியாக. ஏரியைச் சுற்றி முப்பத்தோரு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் நெட்டை மரங்கள். இடது கைப்பக்கம் ஏரி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், இஸ்திரி போட்ட மாதிரி.

முதல் பள்ளம் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். ஒத்திகைதானே, யார் கேட்கப் போகிறார்கள்?

"குழி!"

பிறகு அவரே, சின்னக் குரலில், "கடைசி." சிரிப்பு வந்துவிட்டது. நாடகத்தில் ராஜாவும் மந்திரியும் ஒரே ஆள் போட்ட மாதிரி இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு தடைக்கும் கத்திக்கொண்டே போனார். குரல் நன்றாக எழும்பியது.

மணி 5:22. வண்டியின் மீட்டரைப் பார்த்ததால் அவருக்கு நேரம் துல்லியமாக நினைவிருக்கிறது. பாதையில் ஒரு பெரிய கல் கிடந்தது.

"கல்!"

'கடைசி' சொல்ல வாயைத் திறந்தார்.

பின்னால், தூரத்தில்... "கல்."

எதிரொலி. தண்ணீர்ப் பக்கம் அப்படித்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் எதிரொலி இவ்வளவு தாமதமாக வருமா? அதுவும் பெண் குரலில்?

அடுத்து ஒரு முறிந்த கிளை. வேண்டுமென்றே உரக்கக் கத்தினார்.

"கிளை!"

"கிளை." "கிளை." "கிளை."

மூன்று குரல்கள். ஒன்று கிழவருடையது. ஒன்று ஏதோ வேலை முடிந்து வருகிறவர்போல அலுத்த குரல். அவர் 'கடைசி' என்ற சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

அது வரவில்லை. "கிளை... கிளை..." என்று போய்க்கொண்டே இருந்தது. மெலிந்து, மெலிந்து, மரங்களுக்குள்.

திரும்பிப் பார்த்தார். பாதை நேராகக் கிடந்தது. ஆள் இல்லை. ஈரமான சரளையில் ஒரே ஒரு டயர்த் தடம். அவருடையது.

இதைச் சொல்லும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு நிமிஷம் பயம் வரவில்லையாம். நெஞ்சுக்குள் இதமாக இருந்ததாம். தனக்குப் பின்னாலும் ஆள் வருகிறதே என்று.

மணி 5:40. பிரேக்கைப் பிடித்து நின்றார்.

அவர் நின்ற பிறகும் சரளை நொறுங்கும் சத்தம் நிற்கவில்லை. கர்ர்ர்... கர்ர்... கர்... ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. நெடுநேரம் வந்து நின்றுகொண்டே இருந்தன.

மறுபடி மிதித்தார். பின்னாலும் மிதித்தார்கள்.

வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தார். நாம் கூப்பிட்டால்தானே பதில்?

5:58. பெரிய பள்ளம். ஒன்றும் சொல்லவில்லை. சத்தமில்லாமல் ஒதுங்கிப் போனார்.

பின்னால்...

தொம்.

தொம். தொம்.

தொம்... தொம்... தொம்...

பத்தொன்பது வரை எண்ணினார்.

பிறகு அமைதி.

பிறகு, வலது காதுக்குப் பக்கத்தில், ஒரு குரல்.

"ஏன் சொல்லல?"

கத்த ஆரம்பித்தார். குழி, கல், கிளை, வேர், மண், எல்லாவற்றுக்கும். இல்லாத குழிக்கும். தொண்டை கிழிந்தது. திரும்பவே இல்லை. ஒவ்வொரு சொல்லும் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

6:41க்குக் காட்டு வாசல். காவலாளி தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார். அதற்கடியில் புகுந்து வெளியே வந்தவர் தார்ச்சாலையைத் தொட்ட பிறகுதான் மூச்சு விட்டார்.

இரவு எட்டு மணிக்குப் பல் டாக்டர் போன் செய்தார்.

"பாதை எப்படி சார்?"

"வேண்டாம் டாக்டர். வேற பாதை பாருங்க."

"ஏன், குழி அதிகமா?"

"குழி இல்ல... நான் முன்னாடி போகல. பழையபடி கடைசியிலயே வர்றேன்."

"நாலு வருஷமா உயிரை எடுத்துட்டு, இப்ப வேணாங்கிறீங்க! இனிமே கேட்டா கிடைக்காது சார், சொல்லிட்டேன்."

"கிடைக்க வேணாம்."

இவ்வளவு ஆசைப்பட்ட மனிதர் இப்படிச் சொல்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று இரவு வீட்டில் இருக்க மனமில்லாமல் கடையிலேயே ஷட்டரை இறக்கிவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை 9:15. கடையில் ஒரு பெண்மணியின் மூக்குக்கண்ணாடிக்குக் கடைக்காரர் ஆணி மாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் தெருப் பெண்மணிதான். காது ரொம்பக் கூர்மை. போன் அடித்தது. கைகள் வேலையாக இருந்ததால் கடைக்காரர் ஸ்பீக்கரில் போட்டார்.

காட்டு வாசல் காவலாளி.

"சார், நேத்து உங்க கூட்டத்துல நீங்க ஒருத்தர்தான் கையெழுத்து போட்டிருக்கீங்க. மத்தவங்க யாருமே போடலையே?"

"எந்த மத்தவங்க?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? நீங்க வெளிய போனீங்க. பின்னாடியே வரிசையா வந்தாங்க. எண்ணினேன், முப்பதுக்கு மேல முடியல. கம்பத்தைத் தூக்கிப் பிடிச்சு கையே மரத்துப் போச்சு."

ஆணி அவர் விரலிலிருந்து நழுவிக் கீழே உருண்டது.

"யாரும் பேசல சார். கடைசியா வந்தவரு மட்டும் நின்னாரு. 'முன்னாடி போறவரைத் தவற விட்டுட்டோம், அவரு வீடு எங்க?'ன்னு கேட்டாரு."

"நீங்க... என்ன சொன்னீங்க?"

"ரிஜிஸ்டர்ல விலாசம் எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சுச் சொன்னேன். ராத்திரியே போயிடறோம்னாரு. வீட்டுக்கு வந்து சேந்துட்டாங்களா சார்?"