குடையின் கீழ் மூன்று அம்புகள்

2023 பிப்ரவரி 12, ஞாயிறு. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். தெருக்குழாயில் நான்கு குடம் தண்ணீர் பிடித்தேன். மூன்று வெள்ளைச் சட்டைகளுக்கு நீலம் போட்டு உலர்த்தினேன். எட்டு மணிக்குக் கேழ்வரகுக் கூழ். எட்டே முக்காலுக்கு ஓவிய ஆசிரியர் பைக்கில் வந்தார். நான் வரலாறு நடத்தும் பள்ளியில் அவர் சேர்ந்து இரண்டு ஆண்டுதான் ஆகிறது. அதற்குள் பிள்ளைகள் அவர் பின்னால்தான் சுற்றுகிறார்கள்.

காரிமங்கலத்துக்கு அப்பால் ஒரு மாந்தோப்பில் பழைய கல் ஒன்று நிற்கிறது. ஏழு ஆண்டுகளாக அதை அளந்து வருகிறேன். நடுவே பெரிய உருவம், தலைக்கு மேல் குடை. இருபுறமும் சாமரம் வீசும் பெண்கள் அதன் இடுப்பு உயரம்கூட இல்லை. பழைய சிற்பிகள் அதிகாரத்தை உருவத்தின் அளவில் காட்டினார்கள். குடையும் சாமரமும் ஆள்பவனின் அடையாளங்கள். ஆகவே அவன் அரசன், காலடியில் இருப்பது பட்டத்துக் குதிரை. ஊரார் பலகை வைக்க வாசகம் கேட்டபோதும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை பெயிண்டர் எழுதுவதாக ஏற்பாடு. பலகைக்குப் படம் வரையத்தான் ஓவிய ஆசிரியர் வந்தார்.

தோப்புக்குப் போனதும் நான் டேப்பை விரித்தேன். அவர் நோட்டைக்கூடத் திறக்காமல், கண்ணை மூடிக் கல்லைத் தடவினார். மாட்டுப் பொங்கல்தோறும் அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பூச்சு ஏறி ஏறி உருவத்தின் நெஞ்சு மொழுமொழுவென்று இருந்தது.

"சார், இங்க கைய வைங்க. மேடு தட்டுதுங்களா?"

தட்டியது, மூன்று இடத்தில். அவர் தண்ணீர் தெளித்துத் தேங்காய் நாரால் தேய்த்தார். நெஞ்சில் தைத்த மூன்று அம்புகள் தெரிந்தன. காலடியையும் தேய்த்தார். என் குதிரைக்குக் கொம்பு இருந்தது.

மாடு மீட்கப் போய்ச் செத்தவன் அவன். செத்த பிறகு அரசனின் குடையையும் சாமரத்தையும் சிற்பி அவனுக்குக் கொடுத்திருக்கிறான்.

தோப்புக்கார அம்மா வந்து பார்த்தார். "அப்ப ராஜா இல்லீங்களா? ஏழு வருசமா டேப்ப வெச்சி அளந்தீங்களே, சட்ட தெக்கிறதுக்குங்களா சார்?"

ஓவிய ஆசிரியர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். "எனக்கு வரலாறு தெரியாதுங்க சார். நீங்க ராஜான்னா அப்படியே வரைஞ்சிடறேன். அம்ப விட்டுடலாங்க" என்றார்.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து ஏழு ஆண்டுக் குறிப்புகளையும் எடுத்துப் படித்தேன். உயரம், அகலம், தடிமன் எதிலும் பிழையில்லை. ஆனால் ஒரு முறைகூட நான் அந்தக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்ததில்லை. அவருக்கு அதற்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. அந்த விரல்கள் மேல் எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று எழுதுவது? பொறாமை என்றே குறிப்பேட்டில் எழுதினேன். நான் வாயைத் திறக்காவிட்டால் நாளை பலகையில் அரசனே இருப்பான். கேட்பதற்கு யாரும் இல்லை.

திங்கள் காலை ஐந்தேகாலுக்கு எழுந்ததும், குழாயடிக்குப் போகும் முன், பெயிண்டருக்கு ஃபோன் செய்தேன். 'அரசன்' என்பதை அடித்துவிட்டு, 'மாடு மீட்டு மாண்ட வீரன்' என்று எழுதச் சொன்னேன். ஓவிய ஆசிரியர் பெயரையும் போடச் சொன்னேன், படம் வரைந்தவர் என்று. கண்டறிந்தவர் என்று சொல்ல வாய் வரவில்லை.