ஒரு கரண்டி பொடியும் இரண்டு கிட்னியும்

நாட்டு மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் ‘எவ்வளவு சாப்பிடணும்?’ என்று கேட்பதே இல்லை. ‘கொஞ்சம் சேர்த்துச் சாப்பிட்டா என்ன?’ என்றுதான் கேட்பார்கள். பிளஸ் டூ லீவு முழுக்கக் கோயமுத்தூரில் சித்தப்பாவின் கடையில் நின்று இதையே கேட்டதில், எனக்குப் பதினேழிலேயே எழுபது வயதுக் களைப்பு. கடையில் நின்று காய்ந்த பாவிகளே, உங்களுக்குப் புரியும். ஒரே ஆறுதல், வந்து போகிறவர்களின் குரலில் பேசிக் காட்டுவது.

எந்த ஸ்பூன்?

எங்கள் பலப்பொடி டப்பாவில் ‘காலையில் ஒரு ஸ்பூன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். மில் ஃபிட்டர் ராமசாமி அண்ணனுக்கோ ஒரு மாதத்து டப்பா ஒரே வாரத்தில் காலி. “எந்த ஸ்பூனுங்க?” என்றார் சித்தப்பா. அண்ணன் கையால் காட்டிய அளவு குழம்புக் கரண்டி. அதுவும் மூன்று வேளை! சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் அசரவில்லை.

“ஏனுங்க, பச்சப்புள்ள ஸ்பூன்ல தின்னா மில்லுக்காரன் ஒடம்புல எங்கீங்க ஒட்டும்?”

இலைதானே!

வடவள்ளி டீச்சரம்மா நாலு கடையில் நாலு பொடி வாங்கி ஒன்றாகக் கலக்கிக் குடிப்பவர். சித்தப்பா சொல்லியும் கேட்கவில்லை. நான் எங்கள் தெரு டாக்டரின் கரகரத்த குரலை எடுத்தேன்: “அம்மா, மூலிகையானாலும் கிட்னிதான் வடிகட்டோணும். அளவு மீறினா அது தாங்காதுங்க.” அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்படியே டாக்டரேதான் கண்ணு! சரி, இன்னொரு டப்பா கட்டு.”

கையில் செருப்பு

ஒருநாள் ராமசாமி அண்ணன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். காலில் நுழையவில்லையாம். பாதம் இரண்டும் வீங்கி, முகமும் உப்பியிருந்தது. சித்தப்பா பயந்துபோய், “பொடிய இன்னைக்கே நிறுத்துங்க. மொதல்ல கிட்னியப் பாருங்க” என்று டப்பாவை உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

“குடுக்காட்டிப் போங்க, எதுத்த கடையில வாங்கிக்கறேன்.”

அண்ணன் குரலில் ஒரு போன்

அவர் தெருமுனை திரும்புவதற்குள் கடை நோட்டில் இருந்த அவருடைய பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டு, அவர் மனைவியைக் கூப்பிடச் சொன்னேன். அண்ணன் குரலிலேயே, “கண்ணு, காலு வீங்கிப்போச்சு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகோணும், ரெடியா இரு” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

விடிந்ததும் அவர் வீட்டு வாசலில் மச்சினன் ஸ்கூட்டரோடு நிற்க, அண்ணனால் மறுக்க முடியவில்லை. ரத்தப் பரிசோதனையில் கிட்னி பாதி வேலைதான் செய்கிறது என்று தெரிந்தது. பொடியையெல்லாம் நிறுத்தச் சொன்ன டாக்டர், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் டயாலிசிஸ் மெஷின்தான் என்றாராம். வீக்கம் வடிந்த பிறகு அண்ணன் மனைவி தனியாகக் கடைக்கு வந்தார். அடி நிச்சயம் என்று நான் மூட்டைக்குப் பின்னால் பதுங்கினேன்.

“வெளிய வா தம்பி. இத்தன வருசத்துல அந்த மனுசன் என்னைய ஒருக்காகூடக் ‘கண்ணு’ன்னதில்ல. போன்லயே தெரிஞ்சுபோச்சு, நீதான்னு. தெரிஞ்சுதான் எந்தம்பிய வரச் சொன்னேன்.”

மூலிகையும் மிஞ்சினால் கிட்னியைக் கெடுக்கும் என்று ஒரே ஒரு மனிதருக்குப் புரியவைக்க, எனக்கு ஒரு கள்ளக்குரலும் அவர் மனைவிக்கு ஒரு கள்ளக்காதும் தேவைப்பட்டன, போங்கள்!