சிவப்பு பெட்போர்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

வண்டியில் அன்று இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங்கில் அப்பா. அவர் பக்கத்தில் கிளீனர். அவரைக் காக்கா என்று கூப்பிடுவோம். அவர்கள் ஊரில் முஸ்லிம் வீடுகளில் அண்ணனுக்கு அதுதான் பேர். பின்னால் திறந்த பெட்டியில் அம்மா. அம்மாவை ஒட்டிச் சித்தி. சித்தி மடியில் ஆறு மாதக் கைப்பிள்ளை. அப்புறம் என் தம்பி, அஞ்சு வயது. நான், ஒன்பது வயது. வேறு யாரும் இல்லை.

லாரி பெட்போர்டு. சீமையில் செய்து கப்பலில் வந்தது. மூக்கு நீண்டிருக்கும். முன்கண்ணாடி இரண்டு துண்டு. வெயில் காலத்தில் அதை வெளிப்பக்கம் தள்ளித் திறந்து வைத்துக்கொண்டு அப்பா ஓட்டுவார்.

அறுபதுகளில் பம்பாய் வடாலாவில் லாரிக் கம்பெனிகள் நிறைய. எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் நீளமாகப் பேர் உண்டு. யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். நீல வண்டி வைத்திருந்தவன் நீலக் கம்பெனி. அவனிடம் இருந்தவை ஆஸ்டின். துறைமுகத்திலிருந்து இரும்பு இழுத்தவர்களிடம் லேலண்டு. அது எங்கள் தாராவி ரோட்டில் வந்தால் தகரக் கூரை அதிரும், தட்டில் இருக்கிற டம்ளர் நகரும். அப்பா ஓட்டியது சிவப்புக் கம்பெனி. அவர்கள் வண்டிகள் எல்லாம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி ஓட்டித் தேய்த்துவிட்டுப் போனவை. முதலாளி சேட்டு மொத்தமாக வாங்கி மேலே சிவப்புப் பூசிவிட்டான். மழைக்காலத்தில் கதவு நனைந்தால் சிவப்புக்கு அடியிலிருந்து பழைய பேர் மங்கலாகத் தெரியும். எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. இருந்தாலும் அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்த வண்டியைக் கிளப்ப முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும். கட்டைவிரலை மடக்கிப் பிடித்தால் கைப்பிடி திருப்பி அடிக்கும். காக்காவின் வலது மணிக்கட்டு ஒரு பக்கமாக வளைந்திருக்கும். அப்படி ஒரு தடவை மடக்கிப் பிடித்ததுதான். வண்டி சூடாகிவிட்டால் சுற்றினாலும் கிளம்பாது. அரை மணி நேரம் நிழலில் நிற்க வேண்டும். அதனால் வழியில் எங்கே நின்றாலும் அப்பா எஞ்சினை அணைக்க மாட்டார்.

சேட்டு புது டீசல் வண்டிகள் வாங்க ஆரம்பித்திருந்தான். பழையவை குர்லாவில் உடைக்கப் போகும் என்று பேச்சு. அப்பாவின் வண்டியை மட்டும் வேண்டுமானால் அப்பாவே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தான். சும்மா இல்லை, விலைக்கு. அப்பா கொஞ்ச நாளாக வீட்டில் பேசுவதைக் குறைத்துவிட்டார்.

அந்த ஞாயிறு கோயில் முடிந்து வந்து சாப்பிட்டோம். அப்பா கை கழுவிக்கொண்டே சொன்னார், “உல்லாஸ்நகர் வரைக்கும் போறேன். எல்லாரும் கெளம்புங்க.”

“எல்லாருமா?” என்றாள் அம்மா.

“ஏன், ஒரு நாளாவது நாலு எடம் பாக்க வேண்டாமா?”

“அத்தானுக்கு வெயில் மண்டையில ஏறிட்டு, அக்கா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து மாஹிமுக்குக்கூட கூட்டிட்டுப் போகாத மனுஷன்” என்று சித்தி சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

எங்களுக்கு ஒரே சந்தோஷம். போகிற வழியெல்லாம் தம்பி மரத்தைப் பார்த்தால் மரம் என்று கத்தினான், மாட்டைப் பார்த்தால் மாடு என்று கத்தினான். தாணா தாண்டிப் பாலத்தில் போனபோது காற்றில் என் ரிப்பன் பறந்து போயிற்று. அம்மா வையவில்லை.

உல்லாஸ்நகரில் அப்பா எங்களுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். பிறகு வண்டியை ஒரு தகரக் கொட்டகைக்குள் விட்டார். அங்கே இரண்டு ஆட்கள் லாரி டியூப்களைத் தூக்கிவந்து பெட்டியில் அடுக்கினார்கள். காற்றடைத்த டியூப் லேசாக இருக்கும். ஒரு கையில் தூக்கலாம். இவற்றை இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள். வைக்கும்போது தொப் தொப் என்று சத்தம் வந்தது.

அப்போது பம்பாயில் மதுவிலக்கு. குடிக்கப் பெர்மிட் வேண்டும். பெர்மிட் இல்லாதவர்களுக்குக் காய்ச்சின சாராயம்தான். அது ஊருக்குள் வந்த வழிகளில் லாரி டியூப்பும் ஒன்று. இது இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரியாது.

அம்மாவுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. டியூப்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

“பிள்ளையள வச்சுக்கிட்டா?”

“பிள்ளையள் இருந்தாத்தான் நல்லது” என்றார் அப்பா.

அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

டியூப்களுக்கு மேல் தார்ப்பாயை விரித்தார்கள். தார்ப்பாய்க்கு மேல் நாங்கள். அப்பா பின்பலகையைச் சாத்திக் கொக்கி போட்டார். “நான் சொல்ற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது” என்றார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

உட்கார மெத்துமெத்தென்று இருந்தது. வண்டி திரும்பினால் கீழே ஏதோ ஒரு பக்கமாக ஓடும். தம்பி குதித்துப் பார்த்தான். சித்தி அவன் தொடையில் கிள்ளினாள். அவளும் இப்போது சிரிக்கவில்லை. அம்மா உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். ஜெபம் சொன்னாள் என்று நினைக்கிறேன். யாரும் பேசாததால் எனக்கும் பயம் வந்தது. எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரியாமல் பயந்தேன். அது தெரிந்து பயப்படுவதைவிடக் கஷ்டம்.

தார்ப்பாயின் ஓரம் என் பக்கம் மடங்கியிருந்தது. அங்கே ஒரு டியூப்பின் வால்வு நீட்டிக்கொண்டிருந்தது. அதன் தலையில் பித்தளை மூடி. வெயிலில் தங்கம் மாதிரி மின்னியது. கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று அதைத் திருகினேன். திருகத் திருக வந்தது. கடைசியில் கையோடு வந்துவிட்டது.

காற்றடைக்கிற டியூப் என்றால் மூடி போனாலும் உள்ளே ஊசி பிடித்துக்கொள்ளும். இதில் ஊசியை எடுத்துவிட்டுத்தான் ஊற்றியிருந்தார்கள். மூடி மட்டும்தான் காவல்.

முதலில் தொடையில் குளிர்ச்சி. பிறகு கவுன் நனைந்து ஒட்டிக்கொண்டது. புளிச்ச வாடை வந்தது. மூடியைத் திரும்ப வைக்கப் பார்த்தேன். வண்டி குலுங்கியது, மரை பிடிக்கவில்லை. விரலை வைத்து அமுக்கிக்கொண்டேன். விரலைச் சுற்றிக் கசிந்தது. அம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வண்டியின் வேகம் குறைந்தது.

நாக்கா. போலீஸ் சோதனைச் சாவடி.

ரோட்டுக்குக் குறுக்கே மூங்கில். ஒரு ஹவல்தார். அவர் வாயில் பீடி. இரண்டு போலீஸ்காரர்கள்.

“பந்த் கரோ” என்றார் ஹவல்தார். எஞ்சினை நிறுத்து என்று.

“சாப், பந்த் கியா தோ சாலூ நஹீ ஹோகா” என்று அப்பா கெஞ்சினார். நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது என்று. ஹவல்தார் லத்தியால் பானெட்டில் ஒரு தட்டுத் தட்டினார். அப்பா நிறுத்தினார்.

எஞ்சின் நின்றதும் எல்லாச் சத்தமும் கேட்டது. ரேடியேட்டர் கொதிக்கிற சத்தம். கைப்பிள்ளை மூச்சு விடுகிற சத்தம். எனக்குக் கீழே, பலகை இடுக்கு வழியாக, ரோட்டில் சொட்டுகிற சத்தம்.

“பீச்சே க்யா ஹை?” பின்னால் என்ன இருக்கிறது என்று.

“பஞ்சர் டியூப், சாப். ஃபேமிலி.”

ஹவல்தார் பின்பக்கம் வந்தார். கால் வைத்து ஏறி, பலகைக்கு மேல் தலையை நீட்டினார். பீடிப் புகை எங்கள் முகத்தில் அடித்தது. தலை தலையாக எண்ணினார். என்னிடம் வந்ததும் அவர் பார்வை நின்றது. மூக்கைச் சுருக்கினார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். என் கவுனைப் பார்த்தாள். பளார் என்று அறைந்தாள்.

“ஒம்பது வயசு ஆச்சு! இன்னும் கவுன நனைச்சிக்கிட்டா இருப்ப? சனியனே! மானத்த வாங்குதியே!”

இன்னொரு அறை. காதில் இரைச்சல் கேட்டது. அம்மா அதுவரை என்னைக் கைநீட்டி அடித்ததே இல்லை. மூடி என் உள்ளங்கையில் இருந்தது. அதற்காகத்தான் அடிக்கிறாள் என்று நினைத்தேன். என் தோளைப் பிடித்து இழுத்துச் சித்தி பக்கம் தள்ளிவிட்டு என் இடத்தில் அவள் உட்கார்ந்துகொண்டாள். ஒரு கையை முந்தானைக்குள் விட்டு அங்கேயே ஊன்றிக்கொண்டாள்.

ஹவல்தார் சிரித்தார். “பச்சீ டர் கயீ” என்று போலீஸ்காரர்களிடம் சொன்னார். பிள்ளை பயந்துவிட்டது என்று. மூவரும் சிரித்தார்கள். விவரம் தெரிந்த வயதில் மூன்று ஆம்பிளைகள் என் நனைந்த கவுனைப் பார்த்துச் சிரித்தார்கள். செத்துவிடலாம் போல இருந்தது.

அவர் கீழே இறங்கினார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். ரோட்டில் ஈரம்.

“பாஸ் ஆ ரஹீ ஹை” என்றார். வாடை அடிக்கிறது என்று. சிரிப்பு போய்விட்டது.

சித்தி என் கையைப் பிடித்தாள். அவள் நகம் என் சதையில் இறங்கியது.

அந்த நேரம் பார்த்துக் காக்கா பெட்ரோல் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “டாங்கி லீக், சாப்! டாங்கி லீக்!” என்று கத்திக்கொண்டே வந்தார். வந்தவர் ஹவல்தார் காலடியில் தடுக்கி விழுந்தார். டின் கவிழ்ந்தது. பெட்ரோல் அத்தனையும் ரோட்டில், வண்டிக்கு அடியில், ஹவல்தாரின் செருப்பு வரை ஓடியது. கண் எரிந்தது. தம்பி இருமினான்.

“பீடி! சாப், பீடி!” என்று அப்பா முன்னாலிருந்து அலறினார்.

ஹவல்தார் ஒரே தாவாகத் தாவினார். பீடியை வாய்க்காலில் வீசினார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு உயரம் தாவியதை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. ஆனால் எங்களில் யாரும் சிரிக்கவில்லை. பெட்ரோலுக்கு மேலே உட்கார்ந்திருந்தோம்.

அப்பா இறங்கி வந்து காக்காவைத் திட்டினார். “கண்ணு எங்க ஓய் இருக்கு உமக்கு! கெழட்டு மூதி! பிள்ளைகளோட கொளுத்தப் பாத்தீரா?” காக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர். முழங்கையில் ரத்தம்.

“கட்டாரா ஹடாவ்! ஜல்தீ!” என்று ஹவல்தார் தூரத்தில் நின்று கத்தினார். ஓட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு போ என்று. அந்த இடத்தில் கைப்பிடி சுற்ற முடியாது. ஒரு பொறி விழுந்தால் போதும். மூங்கிலைத் தூக்கினார்கள். காக்கா தோளைக் கொடுத்தார். போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் வந்து பின்பலகையில் கை வைத்துத் தள்ளினார்கள். ஒருவன் கை என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். மோதிரம் போட்டிருந்தான். ரோடு இறக்கம். ரொம்ப தூரம் உருண்ட பிறகு அப்பா கிளட்சை விட்டார். வண்டி இரண்டு தடவை இருமி, உதறி, பிடித்துக்கொண்டது. காக்கா ஓடிவந்து தொற்றிக்கொண்டார்.

சயான் வரும்வரை அம்மா கையை எடுக்கவே இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அன்றைக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புத்தி கெட்டுவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அம்மா காரணமில்லாமல் அடிக்கிறாள். காக்கா ஒரு கல்கூட இல்லாத ரோட்டில் தடுக்கி விழுகிறார். அப்பா பெரியவரைப் போய் மூதி என்கிறார்.

தாராவியில் எங்களை வீட்டு முக்கில் இறக்கிவிட்டு வண்டி போய்விட்டது. அம்மா இறங்கும்போது அவள் கட்டைவிரலைப் பார்த்தேன். வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது. ரொம்ப நேரம் துணி துவைத்த கை மாதிரி. என் கவுனை அவள் மூன்று தண்ணீரில் அலசினாள். கொடியில் போடவில்லை. உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் போட்டாள். நான் யாரும் பார்க்காமல் பித்தளை மூடியைச் சாக்கடையில் போட்டேன். உள்ளங்கையில் வட்டமாகப் பதிந்திருந்தது. தூங்கும்வரை அது போகவில்லை.

மூடியைத் திருகியது நான்தான் என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. நானும் சொல்லவில்லை.

அப்பா திரும்பி வந்தபோது காக்காவும் கூட வந்தார். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அப்பா காக்காவின் முழங்கையில் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டார். மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காக்கா பெட்போர்டைக் கழுவினார். அப்பா, “நாளைக்கும் போவோமா?” என்றார். தம்பி குதித்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று இருந்தேன். காலையில் அவள் எனக்கு இரட்டைச் சடை பின்னிப் புது ரிப்பன் கட்டினாள். பையில் எனக்கு ஒரு மாற்றுக் கவுன் எடுத்து வைத்தாள்.

மழைக்கு முன்னால் அந்த வண்டி அப்பாவுடையது ஆயிற்று. கதவில் பேர் எழுதப் பெயிண்டர் வந்தான். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். சிவப்பு அப்படியே இருந்தது. அதற்கடியில் வெள்ளைக்காரனின் பேரும்.

பிள்ளைகள் இருந்தால்தான் நல்லது என்று அப்பா சொன்னதைப் பாசம் என்றுதான் நான் வைத்திருந்தேன். எங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை லாரியில் ஊர் பார்க்கப் போகிறவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் பெருமையும் அடித்திருக்கிறேன்.

அப்படிப் போன ஞாயிற்றுக்கிழமைகள் ஒன்பது.