திருநீறு காட்டிக்கொடுத்த நட்சத்திரம்

பழைய லெட் பென்சில்களில் தேய்ந்துபோன எழுத்தை மீட்டுக்கொடுப்பது என் தொழில். பின்பக்கம் அழுத்தினால் முனை நீளுமே, அந்தப் பென்சில்தான். சேகரிக்கிறவர்களுக்கு அதன் உடம்பில் உள்ள எழுத்துதான் உயிர். அது போனால் வெறும் குச்சி. ஆசையாகத் துடைத்து இருந்ததையும் தொலைத்தவர்களே, நாமெல்லாம் ஒரே சாதி.

பளபளப்பு

அயோத்தியாப்பட்டணத்து டிராயிங் மாஸ்டர் ஒருவர், பல் விளக்கும் பேஸ்ட் போட்டுத் தேய்த்ததில் பென்சில் பளபளத்தது. பெயரில் பாதியைக் காணோம். பழைய படத்தைப் பார்த்து, கடுகளவு எழுத்துக்கு வலைத்துணியில் ஸ்கிரீன் செய்து அச்சடித்தேன். கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "குத்தம் சொல்லணும்னே வந்தேன். ஏமாத்திட்டீங்க!"

ஆயுத பூஜைக்கு மறுநாள்

இளம்பிள்ளையிலிருந்து சரோஜா என்ற அம்மா வந்தார். கணவர் முருகேசன் சேலைக்கு டிசைன் வரைகிறவர், பென்சில் சேகரிப்பவரும்கூட. அவர் தினமும் வரைகிற பென்சிலைப் பூஜைக்கு வைப்பதற்காக, இந்த அம்மா பெயின்ட் கரைக்கும் தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறார். அதில் இருந்த மாடல் நம்பரும் போய்விட்டது.

"நம்பருக்குப் பக்கத்துல நட்சத்திரம் போட்டது ரொம்ப அபூர்வமாம், அதுல ஒண்ணு வேணும்னு ஆறு வருசமாத் தேடறாருங்க, கெடைக்கல. கையில இருந்த இதையும் நான் கெடுத்துப்போட்டேன். சாமி முன்னால இதே மாதிரி வேற ஒண்ண வெச்சுப்போட்டு ஓடியாந்தேனுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. "அவரு கண்டுபுடிக்கறதுக்குள்ள குடுத்துருங்க சாமி!"

ஒரு சிட்டிகை

அது அச்சடித்த எழுத்தல்ல, செதுக்கி உள்ளே பெயின்ட் நிரப்பியது. பள்ளம் தேய்ந்து மயிரிழையாகிவிட்டதால், லென்ஸ் வைத்தும் ஒன்றும் புரியவில்லை. பாதி நாள் போனது. கடைசியில் கடைச் சாமி படத்தருகே இருந்த திருநீற்றில் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்து, உள்ளங்கையால் வழித்தேன்.

நம்பர் வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தது. அதோடு நிற்கவில்லை. நம்பருக்கு அடுத்து, குட்டியாக ஒரு நட்சத்திரம்! வருஷக்கணக்கான கை அழுக்கு அடைத்து மூடியிருந்த பள்ளத்தைத் தின்னர்தான் கழுவித் திறந்துவிட்டிருக்கிறது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடைக்காரர் ஓடி வந்தார். "என்னங்க, கரண்டு அடிச்சுருச்சா?"

காதில் சொருகியது

பள்ளத்தில் வெள்ளை பெயின்ட் நிரப்பி, மேலே வழித்து, காயவைத்துக் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தம்பதியாகவே வந்தார்கள். மனசு கேட்காமல் அந்த அம்மா உண்மையைச் சொல்லிவிட்டாராம். முருகேசன் முகம் சுண்டிப்போய் இருந்தது. பென்சிலை வாங்கி உருட்டினார். நட்சத்திரத்தில் விரல் நின்றது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"ஊரெல்லாம் தேடினனுங்க. இது என் காதுலயே சொருகி இருந்துருக்குதுங்க!" என்றார்.

சரோஜா அம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தார். "அப்ப மீதியிருக்கற பென்சிலையும் நானே தொடைச்சுப் பாக்கறனுங்க!"

அன்றிலிருந்து என் மேஜையில் பெயின்ட் டப்பாவுக்குப் பக்கத்திலேயே திருநீற்றுத் தட்டும் இருக்கிறது. வருகிறவர்கள்தான் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.