வாயில் கரையாத மாத்திரை

மாத்திரை செய்கிறவனுக்கு அது கரைகிற வரைதான் மரியாதை. கரைந்த பிறகு அவனை யாரும் தேட மாட்டார்கள். மருந்தியலில் மேற்படிப்பு ஆராய்ச்சி செய்து தலைமுடியை இழந்தவர்களுக்கும், இப்போது இழந்துகொண்டிருப்பவர்களுக்கும் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் சேரும்போதே இழப்பதற்கு முடி இல்லாததால், அந்த ஒரு விஷயத்தில் உங்களைவிடக் கொடுத்து வைத்தவன்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்று, வீட்டுக்காரி ராஜத்தையும் கடைசியாக வழியனுப்பிவிட்டு, ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தேன். விழுங்க முடியாத முதியவர்களுக்காக, தண்ணீர் இல்லாமல் நாக்கிலேயே கரைகிற மாத்திரை செய்வதுதான் ஆய்வு. மாத்திரை கரைந்தால் ஆய்வு முடியும். ஆய்வு முடிந்தால் ஆய்வகக் கதவைத் திறக்கும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு செடெனாக்கில் இருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டில் பேசுகிற ஒரே ஜீவன் ஐஸ்பெட்டி. அதுவும் கதவைச் சரியாக மூடாவிட்டால்தான் ‘கீ கீ’ என்று பேசும். ஆகவே எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

மேசைக்கு அந்தப் பக்கம்

சேர்வதற்கு முன் ஒரு நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் என் மேற்பார்வையாளராகப் போகிற டாக்டர் தேன்மொழி. இந்தப் பெண் மாணவியாக இருந்தபோது சிகாமட் ஆஸ்பத்திரியில் என்னிடம்தான் பயிற்சிக்கு வந்தது. அப்போது சும்மா இருக்கமாட்டாமல், நான் கலக்கிய இருமல் மருந்தை நக்கிய எஸ்டேட் சேவல் ஒன்று விடிந்தது தெரியாமல் தூங்கி, அன்றைக்கு அந்தத் தொழிலாளர் லயத்தில் யாருமே பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகவில்லை என்று சொல்லி வைத்திருந்தேன். அது அதை மறந்திருக்கும் என்று நினைத்தேன்.

என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. பிறகு சிரிக்காமல் சொன்னது:

“அங்கிள், அந்தச் சேவல் கதை பொய்யா நிஜமானு கண்டுபிடிக்கத்தான் நான் பிஎச்டி வரைக்கும் படிச்சேன். இனிமே எங்கிட்ட வரும்போது டேட்டா கொண்டு வாங்க, சேவல் வேணாம்.”

கசப்பு

ஏன் இந்த ஆய்வுத் தலைப்பு என்று எல்லோரும் கேட்பார்கள். ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன். சுல்தானே கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டார் என்றுகூட ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பிவிட்டார், பாவம்.

நடந்தது இதுதான், தேன்மொழியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை, இதில் மட்டும் நான் எதையும் கூட்டவில்லை. ராஜத்துக்குப் பக்கவாதம் வந்த பிறகு தொண்டை ஒத்துழைக்கவில்லை. தண்ணீர் குடித்தாலே புரையேறும். மாத்திரைகளைச் சின்னக் கல்வத்தில் பொடித்து, பீசாங் மாஸ் வாழைப்பழத்தில் பிசைந்து ஊட்டுவேன். எவ்வளவு பழம் போட்டாலும் கசப்பு மேலே வந்து நிற்கும். வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். கோபமாகவெல்லாம் இல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. ஒரு நாள் கரண்டியை விலக்கிவிட்டுக் குழறலாகக் கேட்டாள்:

“இத்தன வருஷம் ஊருக்கே மருந்து குடுத்தீங்க. கசக்காம ஒண்ணு செய்யத் தெரியலையா உங்களுக்கு?”

கோத்தா திங்கியில் வெள்ளம் இறங்கிய விதம்

நாக்கில் கரையும் மாத்திரைக்குள் ஒரு மாவு சேர்ப்போம். தண்ணீர் பட்டதும் அது பஞ்சு போல ஊதி மாத்திரையை உள்ளிருந்து உடைக்கும். நம் ஊர்க் காற்றிலேயே பாதித் தண்ணீர் என்பதால், டப்பாவை மூடாமல் விட்டால் மாத்திரை யார் வாய்க்கும் காத்திருக்காது. ஒரு நாள் மூடியைத் திறந்து போட்டுவிட்டு நாசி லெமாக் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஒவ்வொன்றும் குழிப்பணியாரம் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது.

பக்கத்து மேசையில் ஹுய் மின். பத்து பஹாட் ஊர்ப் பெண், பிஎச்டி கடைசிக் கட்டம். அது எட்டிப் பார்த்ததும், மானத்தைக் காப்பாற்ற ஒரு கதையை அவிழ்த்துவிட்டேன். கோத்தா திங்கியில் ஒரு வெள்ளத்தின்போது மருந்துக் கிடங்கில் இந்த மாவு மூட்டை மூட்டையாக இருந்தது. வெள்ளம் உள்ளே வந்ததும் அத்தனை மூட்டையும் குடித்துக் குடித்து ஊதி, கதவைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தன. ஊருக்குள் வெள்ளம் ஒரு அடி இறங்கிவிட்டது. கிடங்கின் மேல் சட்டத்தில் உட்கார்ந்திருந்த முதலை ஒன்று ஏமாந்து போய் நடந்தே ஆற்றுக்குத் திரும்பியது.

ஹுய் மின் கையுறையைக் கழற்றி, தலையை ஆட்டி, மலாயில் நிதானமாகச் சொன்னது தமிழில் இப்படி வரும்:

“அங்கிள், போன வாரம் அரை அடினு சொன்னீங்க, இன்னிக்கு ஒரு அடி. முதலை வேற புதுசா வந்து சேர்ந்திருக்கு.”

ராயா விடுமுறை

ஹுய் மின் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டது. போகும்போது தன் மேசையில் இருந்த குட்டிக் கள்ளிச்செடியை எனக்கு விட்டுப் போனது. என் மகனும் அங்கேதான் வேலை. எல்லைப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடலாம். அவன் தாண்டுவதெல்லாம் வேலைக்குப் போவதற்கும், இந்தப் பக்கம் தன் வீட்டுக்கு வந்து தூங்குவதற்கும்தான். குறை சொல்லவில்லை. பாலத்து நெரிசலில் நின்ற நேரத்தைக் கூட்டினால் அவனுக்கு என்னைவிட வயது அதிகம்.

ராயா, அதாவது நோன்புப் பெருநாள் வாரத்தில் கட்டடமே காலி. நான் மட்டும் வந்து கரைதல் சோதனை இயந்திரத்தை ஓட்டினேன். வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் ஒரு துடுப்பு சுற்றும், மெல்லச் சத்தம் வரும். சமையலறையில் யாரோ எதையோ கிண்டுகிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்துக்காகவே சில நாள் மாத்திரை போடாமல் வெறும் தண்ணீரையே சுற்ற விட்டிருக்கிறேன். இதைத் தேன்மொழியிடம் சொல்லிவிடாதீர்கள்.

பேச்சுக் குரல் கேட்டு காவல் பார்க்கும் ஜாகா சேகர் உள்ளே வந்தார். சுற்றிப் பார்த்தார். யாரிடம் பேசினீர்கள் என்று கேட்டார். மாத்திரையிடம்தான், சீக்கிரம் கரையாதே என்று மிரட்டிக்கொண்டிருந்தேன் என்றேன். கையில் இருந்த, ஓலையில் பின்னி வேகவைத்த கெத்துப்பாட் சோற்றுப் பொட்டலங்களில் ஒன்றை அவிழ்த்து எனக்கு நீட்டியபடி சொன்னார்:

“ராயா லீவுல இங்க ஜாகாவும் பூனையும்தான் இருக்கும். நீங்க இதுல எதுல சேர்த்தி, ஐயா?”

காதர் பாய் கையைத் தூக்கவில்லை

இயந்திரத்தில் மாத்திரை அரை நிமிடத்துக்குள் கரைந்தது. அடுத்தது மனித வாய். நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்த பிறகு, மருந்து சேர்க்காத வெறும் மாத்திரையைச் சோதிக்க வயதானவர்களைக் கூப்பிட்டோம். விதிமுறை சுலபம். நாக்கில் வைக்க வேண்டும், கடிக்கக் கூடாது, முழுதும் கரைந்ததும் கையைத் தூக்க வேண்டும். நான் கடிகாரத்தோடு எதிரே நிற்பேன். முடிந்தவருக்கு ஒரு குவளை மைலோ கொடுத்து வேனில் வீட்டுக்கு அனுப்புவோம். முன்னால் சாப்பாட்டுக்கடை நடத்திய என் கூட்டாளி காதர் பாய்தான் ஆள் திரட்டி வந்தார். காத்திருக்கிற நேரத்தில் அலுக்காமல் இருக்க நான் கோத்தா திங்கி வெள்ளத்தைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஒருத்தர் கையும் மேலே வரவில்லை. வெள்ளம் வந்து, ஊதி, முதலை வீடு போய்ச் சேர்ந்த பிறகும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு சாமி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மாவை மாற்றினேன், அழுத்தத்தைக் குறைத்தேன், மாத்திரையை மறுபடி செய்தேன். அதே கதை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம், இன்னொரு படிப்புத் தவணை இங்கேயே ஓட்டலாம். தேன்மொழிதான் எல்லோரையும் வாயைத் திறந்து காட்டச் சொன்னது. காதர் பாயின் மேலுதட்டுக்கு உள்ளே, எச்சில் எட்டாத உயரத்தில், மாத்திரை முக்கால்வாசி அப்படியே உட்கார்ந்திருந்தது. வைப்பதற்கு முன் கைக்குட்டையால் ஈறைத் துடைத்து வேறு இருக்கிறார். மற்றவர்களுக்கும் அவர்தான் வாத்தியார்.

“கையைத் தூக்குனா மைலோவ குடுத்து வேன்ல ஏத்திருவீங்க. வீட்டுல மவனும் வேலைக்கு, மருமவளும் வேலைக்கு. இங்க ஏர்கான் இருக்கு, நாலு மனுஷன் இருக்கான், உன் பொய்யி இருக்கு. மெதுவா கரையட்டுமே லா, மணியம்.”

தேன்மொழி கணினியை மூடியது

கரைந்த பிறகும் கதை முடிகிற வரை யாரையும் அனுப்ப மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தேன். அவ்வளவுதான், அடுத்த சுற்றில் முதலை வருவதற்கு முன்பே எல்லாக் கைகளும் மேலே போய்விட்டன. எண்கள் அப்படி அழகாக வந்தன. நான் கதவு அட்டையைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

நேரே தேன்மொழியிடம் போனேன். பாண்டான் இலை வாசனை சேர்த்துப் பார்க்கலாம் என்றேன். பிறகு மாம்பழம். பிறகு, இதையே ஆறு மாதம் ஈரத்தில் வைத்துப் பார்த்தால் என்ன? பிறகு, பல்செட் போட்டவர்களைத் தனியாக, போடாதவர்களைத் தனியாகச் சோதிக்கலாமே? நான் மூச்சு வாங்குகிற வரை அது காத்திருந்தது. கணினியை மூடியது. ராஜத்தின் காரியத்துக்கு வந்து, பேசாமல் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுப் போன பெண் அது.

“அங்கிள், காதர் பாய் உதட்டுக்குள்ள வச்சிருந்தது மாத்திரை. நீங்க வச்சிருக்கிறது ஆய்வேடு. ராஜம் அத்தை கேட்ட மாத்திரை எப்பவோ கரைஞ்சிருச்சு. கசக்கவும் இல்ல. நீங்களும் கையைத் தூக்குங்க.”

---

தூக்கினேன், மைலோவும் கொடுத்தார்கள், அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். பட்டம் வருகிற வரைக்கும் பேச்சுத் துணை வேண்டுமே என்று, இப்போதெல்லாம் ஐஸ்பெட்டிக் கதவை வேண்டுமென்றே சரியாக மூடுவதில்லை.